சிவப்புமுடிக்காரி இன்னும் சீட்டைப் போடவில்லை

போடேன்டி, என்றார் பூபாலன், வாய்க்குள்ளேயே. சிவப்புமுடிக்காரி போடவில்லை. செல்போனில் ஓடுகிற ஜப்பான் கார்ட்டூன் தொடரில், போன எபிசோட் முடியும்போது அவள் தலைக்கு மேலே தூக்கிய சீட்டு அது. இந்த எபிசோட் தொடங்கி, தொடக்கப் பாட்டு ஓடி, அதில் வழக்கம்போல எல்லோரும் காற்றடிக்கும் மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்த்து, பாட்டு முடிந்து, போன எபிசோடில் நடந்ததையெல்லாம் இன்னொரு தடவை காட்டி, எதிராளியின் கண், அவள் கண், கூட்டத்தில் எவனோ ஒருவனின் திறந்த வாய், மறுபடியும் அவள் கண், இத்தனையும் ஆகியும் கை இறங்கவில்லை. கை வலிக்காதா இந்தப் பெண்ணுக்கு? கணக்குப் போடக் கூப்பிட்டால் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிற பிள்ளைகளை அவர் காலம் காலமாகப் பார்த்திருக்கிறார். தெரியவில்லையென்றால் போய் உட்காரு என்று அனுப்பியும் இருக்கிறார். இவளைப் போய் உட்காரச் சொல்ல அந்த ஜப்பான் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இல்லை. பூபாலன் நாற்காலியில் இடுப்பை நகர்த்திக்கொண்டார். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் உள்வாங்கியது, சாய்ந்தால் சாய்த்துவிடும் என்று பயந்து பயந்து உட்கார வேண்டியிருந்தது. அண்ணா நகரில் கீழே மூக்குக் கண்ணாடிக் கடை, அதற்கு மேலே பல் டாக்டர், அதற்கும் மேலே இந்தச் சீட்டு விளையாட்டுக் கடை. படிக்கட்டு வந்து முடிகிற இடத்தில் பெற்றோர்களுக்கென்று இரண்டு மூன்று நாற்காலி, குவியலாகச் செருப்புகள், ஓடுகிறேன் பார் என்று சத்தம் மட்டும் போடுகிற ஒரு மின்விசிறி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஏசிக்குள், மேசை மேசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொண்ணைச் சீட்டு விளையாட்டுப் போட்டிக்குக் கூட்டிப்போகிறேன் என்று வீட்டு ஓனரிடம் சொன்னபோது அவர் பார்த்த பார்வை இருக்கிறதே. உள்ளே மூன்றாவது மேசையிலோ நான்காவது மேசையிலோ நிரஞ்சனா இருந்தாள். அவள் தீபாவளிக்கு முன்னாலிருந்து அப்பாவோடு பேசுவதில்லை. அம்மா கலாவதிக்கு இன்றைக்குத் தங்கை மகளின் வளைகாப்பு, அதனால்தான் நிரஞ்சனா அப்பாவோடு வந்தாள். வேறு வழியில்லாமல் வந்தாள். பெரம்பூரிலிருந்து இங்கே வரும்வரை ஸ்கூட்டரில் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாளே தவிர அவர் தோளைத் தொடவில்லை. பள்ளத்தில் வண்டி இறங்கியபோதுகூட.

இதில் எதுதான் நம்புகிற மாதிரி இருக்கிறது? எல்லோரும் பதினோராம் வகுப்பு, ஒருத்தன் படிப்பதில்லை. முதல் சீசன் முழுக்க ஒரே ஒரு பரீட்சை வந்தது, அதையும் பாட்டோடு பாட்டாக ஓட்டிவிட்டார்கள். ஹெட்மாஸ்டரைக் காணவே காணோம். மாணவர் மன்றத் தலைவி என்று ஒருத்தி தலைமையாசிரியர் அறை மாதிரி ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, தோற்கிற பள்ளிக்கூடத்தின் சீட்டு மன்றத்தை இழுத்து மூடுவேன் என்கிறாள். மூடுவதற்கு இவள் யார்? கல்வி ஆபீஸிலிருந்து வந்த சி.இ.ஓ.வா? கோச் என்று ஒருவன், கண்ணாடி போட்டவன், எந்நேரமும் பெஞ்சில் படுத்துத் தூங்குகிறான், அவனுக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. போகட்டும். அந்தச் சீட்டு! ஒரு கட்டுச் சீட்டில் ஒன்றே ஒன்றுதான் அப்படி இருக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள், அந்த ஒன்று, தோற்கப் போகிற கடைசி நிமிஷத்தில், ஒவ்வொரு தடவையும் கட்டுக்கு மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. நம்பினால் சீட்டு வரும் என்கிறான் நீலமுடிக்காரன். நிகழ்தகவை இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பூபாலன்; அந்தப் பாடத்தில் நம்பினால் வரும் என்று ஒரு சூத்திரம் கிடையாது. ஒரு நாள் தாள் எடுத்துக் கணக்குப் போட்டும் பார்த்தார், இத்தனை தடவை இப்படி வருவதற்குச் சாத்தியம் எவ்வளவு என்று, பூஜ்யத்துக்குப் பிறகு பூஜ்யமாக வந்தது, தாளைக் கசக்கிப் போட்டுவிட்டார். இதில் தமிழ்க் குரல் வேறு. கீழே ஓடுகிற ஆங்கில வரியைப் படிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறதே என்று தமிழுக்கு மாற்றினார், மாற்றியது தப்பு. ஆத்மாவின் சுடரே, எழுந்து வா என்று ஒரு பதினாறு வயசுப் பெண் கத்துகிறாள். எந்தப் பதினாறு வயசுப் பெண் ஆத்மாவைக் கூப்பிடுகிறாள்? பேனாவைக் கேட்பாள், சார்ஜரைக் கேட்பாள், அதையும் அம்மா மூலமாகக் கேட்பாள். ஆத்மா! ஒருத்தர் பெயரும் அவர் வாயில் நுழைவதில்லை, அதனால் தலைமுடியை வைத்து அடையாளம். சிவப்புமுடிக்காரி, நீலமுடிக்காரன், மன்றத் தலைவிக்கு வெள்ளை, கோச்சுக்கு முடியே சரியாகச் சீவாத தலை. இவ்வளவு எரிச்சலோடு யார் பார்க்கச் சொன்னார்கள் என்று கேட்டால், யாரும் சொல்லவில்லை. போன கோடை முழுக்க நிரஞ்சனா கூடத்து டிவியில் இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவர் குறுக்கே போகும்போதெல்லாம் இன்னுமா போடலை அவ என்று கேட்பார், அவள் முதலில் சிரித்தாள், பிறகு சும்மா இருந்தாள், பிறகு அவர் வருகிற சத்தம் கேட்டால் ஒலியைக் குறைத்துக்கொண்டாள். குறைக்கிறாள் என்றால் மரியாதை என்று அவர் நினைத்தார். ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து, யாரும்மா இவ, என்ன பண்றா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், சீட்டு என்றால் என்ன, அதை எப்படிப் பிடிக்கிறார்கள், எப்படிக் கலைக்கிறார்கள் என்று. அந்த ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருந்தால்.

லேமினேஷன். நினைத்தாலே முகம் சூடாகிறது. அவர் வீட்டில் லேமினேட் ஆகாதது எது? ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், கலாவதியின் டிகிரி, நிரஞ்சனாவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், கேஸ்காரன் நம்பர், சமையலறையில் ஒட்டியிருக்கும் மகாலட்சுமி படம், எல்லாம் பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றின்மேல் பாசம் என்றால் அவருக்குத் தெரிந்தது அதைக் கொண்டுபோய் லேமினேட் பண்ணுவதுதான். நிரஞ்சனா ஸ்கூல் டூர் போயிருந்த அன்றைக்கு அவள் மேசையைத் துடைக்கப் போனவர் பார்த்தார், சீட்டுகளை மெல்லிய உறைகளில் போட்டு வைத்திருந்தாள், உறையெல்லாம் கீறல், ஒன்றிரண்டு ஓரம் கிழிந்து. ஐயோ பாவம், இவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறாள், நான்கு நாளில் பாழாகிவிடுமே என்று நினைத்தார். அப்படித்தான் நினைத்தார், சத்தியமாக. ஒவ்வொன்றாக உறையிலிருந்து உருவினார், உறைகளைக் குப்பையில் போட்டார் (அது தனிக் குற்றம் என்று பிறகு தெரிந்தது), முனை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனார். எல்லாத்தையுமா சார், என்று கேட்டாள் கடைப் பெண். எல்லாத்தையும்மா, ஓரம் விட்டு கட் பண்ணு, மூலையெல்லாம் ரவுண்டா வரணும் என்று பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினார். மெஷினிலிருந்து ஒவ்வொரு சீட்டும் வெதுவெதுப்பாக வந்து விழ, அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார் மனுஷன். வீட்டுக்கு வந்து ரப்பர் பேண்ட் போட்டு, பழைய ரப்பர் பேண்ட் கோடு விழும் என்று புதுசாகத் தேடிப் போட்டு, அவள் மேசையில் வைத்தார். செங்கல் மாதிரி இருந்தது கட்டு. அப்போதாவது தோன்றியிருக்க வேண்டாமா, இதை எப்படிக் கலைப்பாள், இத்தனை தடிமனை எப்படிக் கையில் விசிறியாகப் பிடிப்பாள் என்று? தோன்றவில்லை. அவள் டூரிலிருந்து வந்தாள், பையை இறக்கினாள், பார்த்தாள், ஒன்றை எடுத்து வளைத்தாள், அது டப்பென்று நிமிர்ந்தது. கவர்லேர்ந்து வெளிய எடுத்தீங்களா, என்று கேட்டாள். ஆமாம்மா, இனிமே தண்ணி பட்டாக்கூட ஒண்ணும் ஆகாது என்றார் இவர், பல்லெல்லாம் தெரிய. கத்தியிருந்தால் தேவலை. அழுதிருந்தால் இன்னும் தேவலை. கட்டை எடுத்துப் பரணில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள், அவரிடம் நேராக அவள் சொன்ன கடைசி வார்த்தை, கவர்லேர்ந்து வெளிய எடுத்தீங்களா. மற்றதெல்லாம் கலாவதி சொல்லித்தான் தெரியும். அது வெளையாடற சீட்டாம்ங்க, இனிமே அதை வெச்சிக்கிட்டு எந்தப் போட்டியிலயும் உள்ள விட மாட்டாங்களாம். அதுல ஒண்ணு சஹானா குடுத்ததாம், பூனாவுக்கு மாத்தல் ஆகிப் போனாளே அந்தப் பொண்ணு, அதுமேல வெள்ளிப் பேனாவால என்னமோ எழுதிக் குடுத்தாளாம், சூடுல அது மொத்தமா கலைஞ்சு போச்சாம். மறுநாள் அவளுக்குத் தெரியாமல் பரணிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு அதே கடைக்கு ஓடினார், இதைப் பழையபடி பிரிக்க முடியுமாம்மா என்று. அந்தப் பெண் பிளேடு வைத்து மூலையைக் கிளப்பி இழுத்தாள். பிளாஸ்டிக்கோடு படமும் சேர்ந்து வந்துவிட்டது. ஒரு குதிரையின் பாதி முகம். அதை அவர் இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார், எதற்கென்று தெரியாமல்.

சிவப்புமுடிக்காரி இப்போது சின்ன வயசுக்குப் போய்விட்டாள். சீட்டைத் தூக்கியபடியே. மழை, ரயில்வே ஸ்டேஷன், நீலமுடிக்காரன் குடை இல்லாமல் நிற்கிறான். பூபாலன் பெருமூச்சு விட்டார், பக்கத்து நாற்காலி அம்மாள் திரும்பிப் பார்த்தாள். சும்மா இல்லை, சும்மா இல்லை, அவரும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டார். புதுசாகச் சீட்டு வாங்கிக் கொடுத்தார், பெரம்பூர் மார்க்கெட்டில், டிராகன் படம் போட்டது. அது வேறு ஏதோ விளையாட்டாம், அதுவும் போலியாம், கலாவதி வந்து சொன்னாள், அந்த டப்பா இன்னும் ஃபிரிட்ஜ் மேலே இருக்கிறது. பஜ்ஜி வாங்கி வந்தார். ஒரு நாள் கோபித்தும் பார்த்தார், என்னத்த பெரிசா எரிச்சிட்டேன் அவ சொத்தை, நல்லதுக்குத்தானே செஞ்சேன் என்று கூடத்தில் நின்று கத்தினார், உள்ளே கதவு சாத்துகிற சத்தம்கூட வரவில்லை, அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே படித்துக்கொண்டிருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. கதவை அறைந்தால் ஒரு பதில் என்று எடுத்துக்கொள்ளலாம். அம்மா, அப்பாவை ரிப்போர்ட்ல சைன் போடச் சொல்லு, என்பாள், அவர் எதிரேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கலாவதி இந்தப் பக்கம் திரும்பி, சைன் போடணுமாம்ங்க என்பாள், என்னமோ இவருக்குக் காது கேட்காத மாதிரி. எவ்வளவு நாளைக்கு இது? அவருக்குப் பயமே அதுதான், சீட்டு இல்லை. இன்னும் ஒன்றரை வருஷம், பிறகு காலேஜ், ஹாஸ்டல், போன் பண்ணுவாள், இவர் எடுத்தால், அம்மா இல்லையா என்பாள். இல்லை, அதையும் கேட்க மாட்டாள், வைத்துவிட்டு அம்மா நம்பருக்குப் பண்ணுவாள். அப்படியே பழகிவிடும். பழகுவது ரொம்பச் சுலபம் என்று அவருக்குத் தெரியும், அவரும் அவர் அப்பாவும் அப்படித்தான் இருந்தார்கள், சண்டையெல்லாம் ஒன்றுமில்லை, எதற்காகப் பேச்சு நின்றது என்பதே மறந்துபோய், நடுவில் அம்மா இருந்து அப்பா சாப்பிடச் சொல்றார்டா, அவன் பணம் குடுத்துட்டானாம்ங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா போன பிறகு ஒரு வீட்டில் இரண்டு ஆம்பிளைகள், ஒருவருக்கொருவர் வழி விட்டு நடந்துகொண்டு. மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன? எத்தனை தடவை வாய் வரை வந்தது. ஸ்கூட்டரில் வரும்போது, அமைந்தகரை சிக்னலில், சிவப்பு விளக்கு அவ்வளவு நேரம் எரிந்ததே, அப்போது திரும்பி, நிரும்மா, அப்பா தெரியாம பண்ணிட்டேன், என்று. பச்சை விழுந்துவிட்டது. பச்சை விழுந்ததால்தான் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டார். இந்த வயசுக்கு மேல் ஒரு வாத்தியாருக்கு அந்த வாக்கியம் வாயில் வருவதில்லை, பாடத்திட்டத்திலேயே இல்லாத மாதிரி.

"உங்க பொண்ணு என்ன டெக் ஆடறா சார்?" என்றாள் பக்கத்து நாற்காலி அம்மாள். மடியில் பெரிய கைப்பை, அதற்குள்ளிருந்து முறுக்கை ஒடித்து ஒடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பூபாலன் ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனை எடுத்தார். டெக் என்றால் சீட்டுக்கட்டு, அந்த அளவுக்குத் தொடரிலிருந்து கற்றுக்கொண்டிருந்தார். தெரியலீங்க, என்றார், கேட்டுச் சொல்றேன் என்றும் சேர்த்துக்கொண்டார், யாரைக் கேட்பார்? "எங்க பையன் டிராகன் டெக். ரெண்டு ரவுண்டு ஜெயிச்சிட்டான். உங்க பொண்ணு மொத ரவுண்டு போச்சில்ல? பாத்தேன், பாவம். கடன் வாங்கின டெக்கு போல இருக்கே, அதைப் பழகாம ஆடறது கஷ்டம் சார். அவளோடது என்னாச்சு?" இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வார் மனுஷன்? பத்திரமா இருக்கு, என்றார். பொய்யில்லை. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டார். முதல் ரவுண்டு போய்விட்டதாமே, தோற்றாலும் எல்லா ரவுண்டும் ஆடலாமாம், இருந்தாலும். அவளுடையதை வைத்து ஆடியிருந்தால் போயிருக்குமா? இன்றைக்கு முழுக்கத் தோற்றாள் என்றால் இனிமேல் இந்தப் பக்கமே வர மாட்டாள், விட்டுவிடுவாள், அவளுக்கென்று இருந்த ஒரே ஆசை, பேசாமல் பரணில் போட்டுவிடுவாள், பேச்சும் அதோடு போகும், அவளுக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் அந்தச் செங்கல் கட்டு இருக்கும். எழுந்து போய்க் கண்ணாடி வழியாகப் பார்க்கலாமா? ஏற்கெனவே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அவள் முதுகு தெரிந்தது, ஜடை, குனிந்த கழுத்து. கையில் சீட்டுகளை விசிறியாகப் பிடித்திருந்தாள், எவ்வளவு லேசாகப் பிடித்திருந்தாள், ஒரு விரலால் ஒன்றை நகர்த்தி இன்னொன்றுக்குப் பின்னால் வைத்தாள், காகிதம் காகிதத்தின்மேல் சறுக்குகிற அந்த அசைவு கண்ணாடிக்கு இந்தப் பக்கமே கேட்கிற மாதிரி இருந்தது. அந்தச் சறுக்கலைத்தான் அவர் மெஷினில் கொடுத்து ஒட்டிவிட்டார். அதற்குமேல் பார்க்க முடியாமல் வந்து உட்கார்ந்துவிட்டார்.

என்ன கொடுமை என்றால், இப்போது அவருக்கு இந்தக் கதை பிடித்துவிட்டது. ஒத்துக்கொள்ளத்தான் வெட்கம். சீட்டு என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளலாம் என்று ஆரம்பித்தது, பஸ்ஸில் ஒன்று, ஸ்டாஃப் ரூமில் ஒன்று, கலாவதி சீரியல் பார்க்கும்போது பாத்ரூமில் ஒன்று, இப்போது பிளஸ் டூ பேப்பர் திருத்தும்போது நடுவில் நீலமுடிக்காரன் எங்கே போனான் என்று யோசனை போகிறது. முதல் சீசன் கடைசியில், ஜெயித்த பிறகு, கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனவன், இன்னும் வரவில்லை. அவன்தான் அவருக்குப் பிடித்தவன். அதிகம் பேச மாட்டான், ஆத்மாவைக் கூப்பிட மாட்டான், ஒரே ஒரு தடவை தோற்றுப்போன சின்னப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல், கீழே சிந்திய சீட்டையெல்லாம் பொறுக்கி அடுக்கிக் கொடுத்தான், அந்தக் காட்சியை பஸ்ஸில் நின்றுகொண்டே பார்த்த பூபாலன் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டார். அவன் வருவான். வராமல் எப்படி? இந்த மேட்சில்தான் வருவான், அரங்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, அதற்காகத்தான் இவள் சீட்டைப் போடாமல் நிற்கிறாள், அவன் வரட்டும் என்று நேரம் கடத்துகிறாள். ஆமாம், அப்படித்தான் இருக்கும்! அவர் தொடையைத் தட்டிக்கொண்டார். அப்படியானால் போடாதேடி, நில்லு, இன்னும் கொஞ்ச நேரம் நில்லு. இவ்வளவு நேரம் போடு போடு என்று உயிரை வாங்கியவரே இப்போது போடாதே என்கிறார், அவரைப் பார்த்தால் அவருக்கே எரிச்சலாக இருந்தது. மழை நின்றது. ஸ்டேஷன் போனது. அவள் கண். கூட்டம். கதவு, அரங்கத்தின் கதவு, ஒரு நிழல்,

கண்ணாடிக் கதவு திறந்தது, ஏசிக் காற்று கணுக்காலில் பட்டது, நிரஞ்சனா. பூபாலன் போனை மடியில் கவிழ்க்கப் போனார், அவசரத்தில் ஒயர் விரலில் மாட்டி இயர்போன் பிடுங்கிக்கொண்டுவிட்டது, போன் அந்த மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி, கூட்டத்தின் ஆரவாரத்தோடு, "உன் விதியை நீயே எழுதுவாய்!" என்று தமிழில் கத்தியது. முறுக்கு அம்மாள் கடிக்காத முறுக்கோடு திரும்பினாள். பூபாலன் போனைத் தட்டி, தடவி, ஒருவழியாக நிறுத்தினார், நிறுத்தியும் படம் அப்படியே நின்றது, கை தூக்கிய சிவப்புமுடிக்காரி. நிரஞ்சனா நாற்காலியில் மாட்டியிருந்த பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், குடித்தாள், ஜெயித்துவிட்டு வந்திருக்கிறாளா தோற்றுவிட்டு வந்திருக்கிறாளா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாட்டிலை மூடினாள். மூடிக்கொண்டே போனைப் பார்த்தாள்.

"எந்த எபிசோட்?"

பூபாலன் பின்னால் திரும்பிப் பார்த்தார், கலாவதி இருக்கிறாளா என்று. படிக்கட்டுதான் இருந்தது.

"ரெண்டாவது சீசன்," என்றார். செருமிக்கொண்டார். "பத்தொம்போது."

"மொதல்லேர்ந்தா பாக்கறீங்க?"

"மொதல்லேர்ந்துதான்."

"சொல்லவே இல்ல."

"யார்கிட்ட சொல்றது?"

அவள் பாட்டிலின் மூடியை இன்னொரு தடவை இறுக்கினாள். "புடிச்சிருக்கா?"

"கழுத்தறுப்பு," என்றார் பூபாலன். "ஒரு சீட்டைப் போடறதுக்கு ஒரு எபிசோடா? அந்தக் கோச்சையெல்லாம் எங்க ஸ்கூலா இருந்தா என்னிக்கோ சஸ்பெண்ட் பண்ணியிருப்பாங்க. ஆனா இப்ப அந்த நீலமுடிப் பையன் வரப்போறான் பாரு, நிழல் தெரிஞ்சுது, அவன் வந்துட்டான்னா இவ ஜெயிச்சிடுவா. எனக்குத் தெரியும். அவன் நல்லவன்மா. அவன் போனதுக்கு ஏதோ காரணம் இருக்கு." அவருக்கே தெரியாமல் கையெல்லாம் ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நிறுத்திக்கொண்டார். நிரஞ்சனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடை தெரிந்துவிட்ட பிள்ளை கையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்குமே, அந்தப் பார்வை.

"வரமாட்டான்," என்றாள். "அந்த நிழல் அந்தக் கோச்சு. நீலமுடி செத்துட்டான், மொத சீசன் முடிஞ்சப்பவே, அவளுக்கு மட்டும் தெரியாது. அவனுக்கு உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சே ஆட வெச்சது கோச்சுதான். இந்த மேட்ச்சுல இவ தோத்துடுவா."

அவள் யோசிக்கவே இல்லை. ஒன்று, அதன்மேல் ஒன்று, அதன்மேல் இன்னொன்று என்று போட்டுவிட்டாள்.

"ஏய்!" பூபாலன் எழுந்தே விட்டார், நாற்காலி பின்னால் சாய்ந்து செருப்புக் குவியலில் விழுந்தது. "ஏன் சொன்னே? என்ன பொண்ணு நீ! ஒண்ணொண்ணா, பஸ்ஸுல தொங்கிக்கிட்டு, எத்தனை நாளா பாத்துக்கிட்டு வரேன் தெரியுமா? அவன் வருவான்னு, அவன் வருவான்னுதானே இந்தக் கண்றாவியையெல்லாம் பாத்தேன்! ஒரு நிமிஷத்துல மொத்தத்தையும் நாசம் பண்ணிட்டியே!" குரல் உடைந்தது. நிஜமாகவே கோபம், செத்துப்போன அந்தப் பொம்மைப் பையனுக்காக அவருக்கு இந்த வயசில் கண் கரித்தது. இனிமேல் எப்படிப் பார்ப்பது? பார்த்தாலும் பழையபடி இருக்குமா? தெரிந்துவிட்டதே, இனித் தெரியாமல் பண்ண முடியுமா?

"எப்டி இருக்கு?" என்று கேட்டாள் நிரஞ்சனா.

பூபாலன் போனைச் சட்டைப் பையில் போட்டார். முறுக்கு அம்மாள் முறுக்கைப் பைக்குள் வைத்து ஜிப்பை மெதுவாக மூடினாள். மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்கிற அந்த வாக்கியத்தைத்தான் அவர் ஸ்கூட்டரிலிருந்து தேடிக்கொண்டு வந்தார், அதற்கு முன்னாலும் தேடினார், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், இப்போது அவள் முழுசாக எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"ரொம்ப மோசமா இருக்கும்மா," என்றார். "இவ்ளோ மோசமா இருக்கும்னு தெரியாது."

"ம்," என்றாள். குனிந்து, விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லி அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட்டார்கள். போனாள். கதவைத் தள்ளியவள், பாதி உள்ளே, பாதி வெளியே நின்று திரும்பினாள்.

"அவனோட கதை இருவத்தி மூணுல வரும். அதை மட்டும் தனியா பாக்காதீங்கப்பா. நீங்க தாங்க மாட்டீங்க. நான் வரேன், சேந்து பாக்கலாம்."

கதவு மூடிக்கொண்டது. பூபாலன் நாற்காலியின் நல்ல கால் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இருபத்து மூன்றுக்கு இன்னும் எத்தனை இருக்கிறது, அது வந்த பிறகு இவள் வருகிற வரைக்கும் நான் பார்க்காமல் எப்படி இருப்பேனாம், என்று அவருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் துடைக்க வேண்டியிருந்தது.